ஜூலை 1 முதல் வருமானக் கொடுப்பனவு கட்டாயமில்லை: ஒன்ராறியோ சாரதிகள் கவனத்துக்கு

வன்னியூரான் (ஸ்காபரோ) எழுதியது:

வணக்கம் உறவுகளே. ஒன்ராறியோவில் கார் ஓடும் எல்லோரும் இதை ஒருக்கால் முழுசாக வாசியுங்கள்.

2026 ஜூலை 1 முதல் எங்கள் வாகனக் காப்புறுதியில் கட்டாயமாக இருக்கப்போகும் விபத்துக் கொடுப்பனவுகள் மூன்றுதான்: மருத்துவச் செலவு, புனர்வாழ்வுச் சிகிச்சை, அடிபட்டவரைப் பராமரிக்கும் செலவு. அடிபட்டு வேலைக்குப் போக முடியாதபோது கிழமைக்குக் கிழமை வரும் வருமானக் கொடுப்பனவு, வேலையில் இல்லாதவர்களுக்குக் கிழமைக்கு வரும் 185 டொலர், சாவு நேர்ந்தால் குடும்பத்துக்கு வரும் பணம், செத்தவீட்டுச் செலவு எல்லாம் இனி விருப்பத் தெரிவு. பொலிஸியில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

அரசாங்கம் இதைச் சாரதிகளுக்குக் கொடுக்கும் தெரிவுச் சுதந்திரம் என்கிறது. பிரீமியம் குறையும் என்றும் சொல்கிறது. எனக்கு இதில் பெரிய மனவருத்தம். இந்த மாகாணத்தில் நோ-ஃபோல்ட் முறை வந்ததே ஒரு கொடுக்கல் வாங்கலாகத்தான். பிழை யாருடையதாக இருந்தாலும் உன் சொந்தக் காப்புறுதி உன்னைப் பார்க்கும், அதற்குப் பதிலாக இடித்தவன்மேல் வழக்குப் போடும் உரிமையில் பெரும்பகுதியை நீ விட்டுக்கொடு என்றார்கள். அது 1990இல். நாங்கள் கொடுத்த உரிமை முழுதாகத் திரும்பி வரவில்லை. பதிலுக்குத் தந்ததை மட்டும் பிந்திய சீர்திருத்தங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வருகிறார்கள்.

எங்கள் சனத்தில் எத்தனை பேர் ஏஜென்சி மூலம் வேர்ஹவுஸ், ஃபக்டரி, துப்புரவு வேலைக்குப் போகிறார்கள்? அவர்களுக்கு வேலையிடத்தில் ஒரு பெனிஃபிற்றும் கிடையாது. ஃபோனில் அவசர அவசரமாக இன்சூரன்ஸ் எடுக்கும்போது "இது வேணுமா? எடுத்தால் இவ்வளவு கூடும்" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அடிபட்ட பிறகுதான் அது என்னவென்றே தெரியவரும்.

என் அத்தானுக்குப் பின்னால் வந்தவன் 401 நெடுஞ்சாலையில் இடித்துவிட்டான். அத்தான்மேல் ஒரு பிழையும் இல்லை. தோள்மூட்டு போய்விட்டது, பெட்டி தூக்கும் வேலை இனிச் சரிவராது. அந்த வீட்டு வாடகை இப்போது அந்த வாராந்தக் கொடுப்பனவில்தான் போகிறது. ஜூலைக்குப் பிறகு இதே விபத்து நடந்து, அவர் அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று புள்ளடி போட்டிருந்தால்? இதைப் பற்றி ஒழுங்காகப் பேசுவோம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

செல்வன்77 எழுதியது:

அண்ணை, உங்கள் கவலை விளங்குது. ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. ஒரே கார், ஒரே சாரதி, ஒரு ரிக்கெற்றும் இல்லை. ஆனால் ஸ்காபரோ, பிரம்ரன் போஸ்ரல் கோட் என்றால் விலை எங்கேயோ போகுது. என்ன காரணம்? வேண்டுமென்றே மோதுகிற கூட்டம், வராத ஆளுக்கு சிகிச்சை கொடுத்ததாக பில் அனுப்புகிற கிளினிக். அதற்கெல்லாம் நேர்மையான சாரதிதான் காசு கட்டுறான்.

எனக்கு வேலையிடத்தில் குறுங்காலம், நெடுங்காலம் இரண்டுக்கும் டிசபிலிற்றி காப்புறுதி (நோய், காயத்தால் வேலை செய்ய முடியாதபோது சம்பளத்துக்குப் பதிலாக வரும் காசு) இருக்கு. மனிசிக்கும் இருக்கு. பிறகு ஏன் காருக்கும் சேர்த்து இரண்டு தடவை கட்ட வேண்டும்? வேண்டியவன் வாங்கட்டும், வேண்டாதவன் விடட்டும். இதில் என்ன அநியாயம்?

அதோட, மற்றவன் பிழை என்றால் சம்பள இழப்புக்கு அவன்மேல் வழக்குப் போடலாம்தானே?

சட்டப்படி எழுதியது:

நான் பரலீகல் (சில வகைச் சட்ட வேலைகளுக்கு உரிமம் பெற்றவர்). இங்கே எழுதுவது பொதுத் தகவல், யாருக்கும் தனிப்பட்ட ஆலோசனை அல்ல.

செல்வன் கேட்டது சரியான கேள்வி. ஆம், மற்றவர் பிழை என்றால் வருமான இழப்புக்கு வழக்குப் போடலாம். ஆனால் வழக்கு விசாரணைக்கு முந்திய காலத்துக்கு மொத்தச் சம்பளத்தில் 70 வீதம்தான் கேட்கலாம். அந்தக் காசு கைக்கு வர வருடங்கள் ஆகும். வாடகை மாதம் முதலாம் தேதி வந்துவிடும்.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஜனவரியில் கறுப்புப் பனியில் சறுக்கி நீங்களே கம்பத்தில் மோதினால் யார்மேல் வழக்குப் போடுவது? இடப்பக்கம் திரும்பும்போது பிழை உங்கள் பக்கம் என்று தீர்ந்தால்? நோ-ஃபோல்ட் என்றாலும் யார் பிழை என்பதைக் காப்புறுதிக்காரர் தீர்மானிக்கத்தான் செய்வார், பிரீமியமும் அதைப் பார்த்துத்தான் ஏறும். ஆனால் காயத்துக்கான கொடுப்பனவு பிழை பார்க்காது. பிழைவிட்ட சாரதிக்கும், தனியாகச் சறுக்கிய சாரதிக்கும் இருக்கும் ஒரே பிடிமானம் அதுதான். வருமானக் கொடுப்பனவைக் கைவிடுகிறவர் அந்தப் பிடிமானத்தைத்தான் விடுகிறார்.

வலி, வேதனைக்கான நட்டஈட்டைப் பற்றியும் சொல்கிறேன், பலருக்கு இது தெரியாது. அதற்கு வழக்குப் போட, காயம் ஒரு வாசல்படியைத் தாண்ட வேண்டும்: நிரந்தரமான பாரிய உருக்குலைவு, அல்லது முக்கியமான உடல், மன, உளவியல் செயற்பாடு ஒன்றில் நிரந்தரமான பாரிய பாதிப்பு. அதைத் தாண்டினாலும் ஒரு கழிப்புத் தொகை உண்டு. 2025இல் அது 46,790 டொலர். நீதிமன்றம் உங்கள் வேதனைக்கு 1 லட்சம் டொலர் என்று தீர்த்தால் கைக்கு வருவது 53 ஆயிரம் சொச்சம். 45 ஆயிரம் என்று தீர்த்தால் ஒரு சதமும் வராது. ஏறத்தாழ 1 லட்சத்து 56 ஆயிரத்துக்கு மேல் தீர்ப்பு வந்தால்தான் கழிப்பு இல்லை. ஜூரிக்கு இந்தக் கழிப்பைப் பற்றிச் சொல்லவும் மாட்டார்கள். கழித்த காசு எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனத்திடம் அப்படியே இருக்கும்.

பழைய_அட்ஜஸ்டர் எழுதியது:

வணக்கம். முப்பது வருடத்துக்குக் கிட்ட அட்ஜஸ்டராக, அதாவது காப்புறுதிக் கோரிக்கைகளை ஆராயும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வன்னியூரான் சொன்ன கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எந்தக் கட்சியும் இதில் கைசுத்தம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

1990 ஜூனில் டேவிட் பீற்றர்சனின் லிபரல் அரசு முதலில் கொண்டுவந்தது. வழக்குப் போடும் உரிமை மிகவும் குறுகியது. பதிலுக்கு வாராந்தக் கொடுப்பனவு அதிகபட்சம் 600 டொலர். 1994 ஜனவரியில் பொப் ரேயின் என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) அரசு அதை 1,000 டொலர்வரை உயர்த்தியது, ஆனால் பொருளாதார இழப்புக்கு வழக்குப் போடும் உரிமையை எடுத்துவிட்டது. 1996 நவம்பரில் மைக் ஹரிஸின் கன்சர்வேற்றிவ் அரசு வழக்குரிமையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்து, வாராந்தக் கொடுப்பனவை 400 டொலருக்கு இறக்கியது.

அந்த 400தான் இன்றைக்கும் 400. நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் இதுதான். 1996இல் ஒன்ராறியோவில் மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 6 டொலர் 85 சதம். 40 மணித்தியாலம் வேலை செய்தால் 274 டொலர். அப்போது 400 என்றால் சாதாரணத் தொழிலாளியைத் தாங்கும் தொகை. 2025 அக்டோபரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 17 டொலர் 60 சதம், கிழமைக்கு 704 டொலர். அதில் 70 வீதம் 492 டொலருக்கு மேல் வருகிறது. அதாவது மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற முழுநேரத் தொழிலாளிகூட இந்த உச்சவரம்பில் முட்டி நிற்கிறான். 600, 800, 1,000 என்று கூடுதலாக வாங்கும் வசதி ஏற்கனவே உண்டு. நான் பார்த்த கோப்புகளில் அதை வாங்கியிருந்தவர்கள் மிகக் குறைவு. வாங்கலாம் என்று தெரிந்திருந்தவர்கள் அதைவிடக் குறைவு.

அடுத்தது கழிப்புத் தொகை. 1994இல் 10,000. 1996இல் 15,000. 2003இல் 30,000. 2015இல் 36,540, அதோடு ஒவ்வொரு வருடமும் விலைவாசியோடு சேர்ந்து ஏறவேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். சாரதியிடமிருந்து கழிப்பது விலைவாசியோடு ஏறுகிறது. சாரதிக்குக் கொடுப்பது முப்பது வருடமாக அசையவில்லை. நிறுவனத்தின் பக்கம் மேசையில் இருந்தவன் நான், எனக்கே இது நியாயமாகப் படவில்லை.

செல்வன் சொல்லும் மோசடி பொய்யில்லை. நானே கண்டிருக்கிறேன். ஆனால் 2010இலும் மோசடியைக் காட்டித்தான் வெட்டினார்கள். பாரிய வகையில் சேராத காயத்துக்கு மருத்துவமும் புனர்வாழ்வும் 1 லட்சம், பராமரிப்பு 72 ஆயிரம் என்று இருந்தது, 50 ஆயிரமும் 36 ஆயிரமும் ஆனது. 2016 ஜூனில் இரண்டையும் ஒன்றாக்கி 65 ஆயிரம் ஆக்கினார்கள். மிகப் பாரிய காயத்துக்கு இருந்த 20 லட்சம் 10 லட்சமானது. இடையில் 2013இல், இரண்டு வருடத்துக்குள் பிரீமியத்தை 15 வீதம் குறைப்போம் என்ற வாக்குறுதியும் வந்தது. குறித்த காலத்தில் அது நிறைவேறவில்லை. வெட்டு மட்டும் நிறைவேறியது.

கோவை_பிரம்டன் எழுதியது:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர், இப்ப பிரம்டன்ல இருக்கேன். பகல்ல ஒரு கம்பெனியில வேலை, சாயங்காலம் ஆப் வழியா சவாரி ஓட்டறேன். ஊர்ல வண்டிக்குக் காப்பீடு எடுக்கும்போது உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்த்துக் கட்டுவோம். அது இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், கையை உடைச்சுக்கிட்டு மூணு மாசம் வீட்ல கிடந்தா அதுல ஒண்ணும் வராது. அதனால இங்க வாராவாரம் சம்பளத்துக்குப் பதிலா பணம் வரும்ங்கிறதே எனக்கு இந்த இழையைப் படிச்சுத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு சந்தேகம். சவாரி ஓட்டற வருமானம் கணக்குல வருமா? அப்புறம், பிரண்ட்ஸ் சில பேர் கையில வாங்கற காசை வரியில காட்டறதில்லை. அவங்களுக்கு அடிபட்டா?

சட்டப்படி எழுதியது:

கோவை தம்பி, சுயதொழில் வருமானமும் கணக்கில் வரும். ஆனால் வரிக்குக் காட்டிய வருமானம் மட்டுமே. சட்டத்தில் நேரடியாகவே இருக்கிறது: வருமான வரிச் சட்டப்படி காட்டவேண்டியதைக் காட்டாவிட்டால், அந்த வருமானம் இல்லை என்று வைத்துத்தான் கொடுப்பனவைக் கணிப்பார்கள். உங்கள் நண்பர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். வருடம் முழுக்க உழைத்தவரின் கோப்பில் வருமானம் கால்வாசி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு சட்டத்தரணியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆப் ஓட்டுவதை உங்கள் சொந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் விட்டால் பொலிஸியே சிக்கலில் போய் நிற்கலாம்.

முதல் கிழமைக்கு வருமானக் கொடுப்பனவு இல்லை. முதல் 104 கிழமைகள் உங்கள் சொந்த வேலையின் முக்கியப் பணிகளைச் செய்ய முடியாத நிலை இருந்தால் போதும். அதற்குப் பிறகு அளவுகோல் மாறும். உங்கள் படிப்பு, பயிற்சி, அனுபவத்துக்குப் பொருத்தமான எந்த வேலையையும் செய்ய முடியாது என்று காட்டவேண்டும். இரண்டாவது வருட முடிவில் நிறையப் பேருக்கு நிறுத்தற் கடிதம் வருவது இதனால்தான். வன்னியூரான், உங்கள் அத்தானின் திகதியைப் பார்த்து வையுங்கள்.

தாமரை_மார்க்கம் எழுதியது:

நான் புனர்வாழ்வுச் சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிளினிக்கில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

விபத்தில் வருகிறவர்களில் பெரும்பாலானோரை முதலில் போடுவது 'மைனர் இன்ஜரி' (சிறு காயம்) என்ற பெட்டிக்குள். சுளுக்கு, தசைப்பிடிப்பு, கழுத்து வெட்டி இழுத்தது, கண்டல், கீறல் எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்கு மொத்தம் 3,500 டொலர். 2010இல் வைத்த தொகை, இன்றைக்கும் அதேதான். இதற்குள்தான் பரிசோதனை, பிசியோ, மசாஜ், கைரோ எல்லாம். பிசியோதெரபிஸ்ற்றுக்கு அங்கீகரித்த வீதம் மணித்தியாலத்துக்கு 99 டொலர் 75 சதம். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை வந்தால் சில மாதங்களிலேயே முடிந்துவிடும். முடிகிற நேரத்தில் ஆள் குணமாகியிருந்தால் நல்லது. ஆகாவிட்டால் ஓசிஎஃப்-18 என்ற சிகிச்சைத் திட்டப் படிவம் அனுப்புகிறோம். "நியாயமானதும் அவசியமானதும் அல்ல" என்று பதில் வருகிறது. கையில் அந்தக் கடிதத்தோடு வந்து "பிள்ளை, நான் பொய் சொல்றன் என்று எழுதியிருக்கோ?" என்று கேட்ட அம்மாவை எனக்கு மறக்க முடியாது. அப்படி எழுதவில்லை, ஆனால் அவருக்கு அப்படித்தான் பட்டது.

அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. மூளை அதிர்ச்சி மைனர் இல்லை. உளவியல் பாதிப்பு மைனர் இல்லை. அன்றாட வாழ்க்கையை முடக்கும் நாட்பட்ட வலியும் அப்படித்தான். விபத்துக்கு முன்பே இருந்த நோய் குணமாவதைத் தடுக்கிறது என்றால் அதுவும் ஒரு வழி, ஆனால் அது விபத்துக்கு முன்பே வைத்தியரின் பதிவில் இருந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் தோற்பது இங்கேதான். இடுப்பு வலி பத்து வருடமாக இருக்கும், குடும்ப வைத்தியரிடம் ஒரு நாளும் சொல்லியிருக்கமாட்டார்கள். செல்லடியில் இருந்து வந்தவர்கள், முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள், கார் மோதிய சத்தத்துக்குப் பிறகு இரவில் நித்திரையில்லாமல் இருப்பார்கள். கேட்டால் "அதெல்லாம் பழகிப்போச்சு" என்பார்கள். பழகினதாக இருக்கட்டும், வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் எழுதிவைக்காதது காப்புறுதிக் கோப்பில் நடக்காத விஷயம்.

சிகிச்சைத் திட்டம் கிடைத்து 10 வேலை நாட்களுக்குள் நிறுவனம் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 11ஆம் வேலை நாளிலிருந்து ஒழுங்கான மறுப்புக் கடிதம் தரும்வரை நடக்கும் சிகிச்சைக்கு அவர்கள் கட்டவேண்டும், அந்தத் திட்டத்துக்கு மைனர் பெட்டியைக் காட்டவும் முடியாது. ஆகவே படிவம் அனுப்பிய திகதியைக் கிளினிக்கிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

புதிய மாற்றத்தில் ஒரு நல்ல விஷயமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். இதுவரை வேலையிடத்து பெனிஃபிற்றை முதலில் முடித்துவிட்டுத்தான் கார்க் காப்புறுதியிடம் வரவேண்டும். ஜூலையிலிருந்து மருத்துவ, புனர்வாழ்வுச் செலவுக்குக் கார்க் காப்புறுதியே முதலில் கட்டும். குடும்பத்தின் பெனிஃபிற் மிஞ்சும்.

செல்வன்77 எழுதியது:

அக்கா சொன்ன அந்த 10 நாள் விஷயம் இவ்வளவு காலமும் தெரியாது, நன்றி.

அட்ஜஸ்டர் ஐயா, 400 கணக்கு எனக்கும் உறுத்துது. ஆனால் அதையே திருப்பிக் கேட்கிறேன். அவ்வளவு குறைந்த காசுக்குக் கட்டாயமாகக் கட்டுவதைவிட, வேலையிடத்தில் இல்லாதவன் தனியாக ஒரு நல்ல டிசபிலிற்றி பொலிஸி எடுத்தால் கார் விபத்துக்கும் வரும், மாரடைப்புக்கும் வரும். அது புத்திசாலித்தனம் இல்லையா?

பழைய_அட்ஜஸ்டர் எழுதியது:

எடுக்க முடிந்தவருக்குப் புத்திசாலித்தனம்தான். ஆனால் தனிப் பொலிஸிக்கு உடல்நிலை கேட்பார்கள், தொழில் கேட்பார்கள். நீரிழிவும் பிரஷரும் உள்ள ஐம்பது வயது வேர்ஹவுஸ் தொழிலாளிக்கு என்ன விலை சொல்வார்கள், கொடுப்பார்களா என்று ஒருக்கால் விசாரித்துப் பாருங்கள். வாகனக் காப்புறுதியில் இதுவரை அந்தக் கேள்வியே இல்லை. எல்லோரும் சேர்ந்து கட்டினோம், அடிபட்டவன் எடுத்தான். விருப்பத் தெரிவாக்கினால் நல்ல பெனிஃபிற் உள்ளவர்கள் முதலில் விலகுவார்கள். மிஞ்சுகிறவர்களுக்கு விலை ஏறும் என்பது என் பயம்.

மதி எழுதியது:

நான் மாணவன், சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். எனக்குக் காரும் இல்லை, காப்புறுதியும் இல்லை. என்னைக் கார் இடித்தால் இப்போது என்ன, ஜூலைக்குப் பிறகு என்ன?

சட்டப்படி எழுதியது:

மதி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது.

இப்போது: உங்களுக்கோ, பிழைப்புக்கு நீங்கள் தங்கியிருக்கும் உறவினருக்கோ பொலிஸி இல்லையென்றால், உங்களை இடித்த காரின் பொலிஸியிலிருந்து விபத்துக் கொடுப்பனவுகள் வரும். வருமானக் கொடுப்பனவும் சேர்த்துத்தான்.

ஜூலை 1க்குப் பிறகு: மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு இவை மூன்றும் வரும். விருப்பத் தெரிவுகள் பொலிஸியில் பெயர் உள்ளவருக்கும், அவருடைய துணைக்கும், பிழைப்புக்கு அவர்களில் தங்கியிருப்போருக்கும், பொலிஸியில் சாரதியாகப் பட்டியலிட்டவருக்கும் மட்டுமே. உங்களை இடித்தவர் எல்லாத் தெரிவுகளையும் வாங்கியிருந்தாலும் உங்களுக்கு வருமானக் கொடுப்பனவு இல்லை. நீங்கள் போய் வாங்கலாம் என்றால், கார் இல்லாதவரிடம் அதைச் சேர்ப்பதற்குப் பொலிஸியும் இல்லை.

பாதசாரி, பஸ்ஸுக்கு நிற்கிறவர், சைக்கிள்காரர், நண்பனின் காரை எப்போதாவது ஓடுகிறவர் எல்லோருக்கும் இதே நிலை. மிஞ்சுவது பிழைவிட்ட சாரதிமேல் வழக்கு. இடித்துவிட்டு ஓடிவிட்டால் அதுவும் சிக்கல்.

வன்னியூரான் எழுதியது:

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. தெரிவுச் சுதந்திரம் என்கிறார்கள், ஆனால் மதிக்குத் தெரிவே கொடுக்கவில்லை. விடிய நாலு மணிக்கு ஃபின்ச்சிலும் மார்க்கம் வீதியிலும் பஸ்ஸுக்கு நிற்கிற எங்கள் அம்மாமாருக்கும் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் புதிதாக வந்து முதல் இரண்டு மூன்று வருடம் கார் இல்லாமல்தானே நாங்கள் எல்லோரும் வாழ்ந்தோம்?

ராஜி_மிச்சிகன் எழுதியது:

டெட்ராய்ட் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இதே கதை ஏற்கனவே நடந்து முடிந்தது. அதனால் சொல்கிறேன்.

மிச்சிகனில் 1973இலிருந்து நோ-ஃபோல்ட். விபத்தில் அடிபட்டவருக்குத் தேவையான மருத்துவம், பராமரிப்பு ஆயுள் முழுக்க, உச்சவரம்பே இல்லை. 2019 வாக்கில் அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் அப்படி இருக்கவில்லை. பிரீமியமும் நாட்டிலேயே மிக அதிகம், அதிலும் டெட்ராய்ட்டில் மக்கள் கட்ட முடியாமல் காப்பீடு இல்லாமலே ஓட்டினார்கள். அந்தப் பிரச்சினை உண்மை. 2019 மே மாதம் ஆளுநர் விட்மர் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2020 ஜூலையிலிருந்து வரம்பில்லாதது, 5 லட்சம், 2.5 லட்சம் என்று தேர்ந்தெடுக்கலாம். அரசு மருத்துவ உதவி பெறுபவர்களுக்கு 50 ஆயிரமும் உண்டு.

சரி, தேர்வுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் 2021 ஜூலையில் இன்னொரு பகுதி அமலுக்கு வந்தது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் கட்டண விகிதம் இல்லாத சேவைகளுக்கு, அதாவது வீட்டில் வந்து பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு போன்றவற்றுக்கு, 2019 ஜனவரியில் வாங்கிய கட்டணத்தில் 55 சதவீதம்தான். குடும்பத்தினர் பார்த்துக்கொண்டால் வாரத்துக்கு 56 மணி நேரத்துக்கு மட்டுமே பணம். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவருக்கு ஒரு நாளில் 24 மணி நேரமும் ஆள் வேண்டும். பல பராமரிப்பு நிறுவனங்கள் மூடின. வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த செவிலியர் வராமல் போனார். இவர்கள் எல்லாம் பழைய சட்டம் இருந்தபோது, வரம்பில்லாத பாதுகாப்புக்குப் பிரீமியம் கட்டி, அடிபட்டவர்கள்.

2023 ஜூலை 31 அன்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ஆண்டரி வழக்கில் தீர்ப்பு சொன்னது. சட்டம் அமலுக்கு வந்த 2019 ஜூன் 11க்கு முன் அடிபட்டவர்களுக்கு இந்த வெட்டு செல்லாது என்றார்கள். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆனது, அந்த இரண்டு ஆண்டுகளில் போன உடல்நலம் திரும்பி வராது. அதற்குப் பிறகு அடிபட்டவர்களுக்கு வெட்டு அப்படியே இருக்கிறது. 2022இல் ஒவ்வொரு காருக்கும் 400 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்கும் காசோலை வந்தது. அந்தப் பணம் யாருடைய பராமரிப்புக்கு இருந்த நிதி என்று எனக்குத் தெரியும், அதனால் சந்தோஷப்பட முடியவில்லை.

தாமரை_மார்க்கம் எழுதியது:

ராஜி அக்கா, குடும்பத்தினர் பார்த்துக்கொள்வதைச் சொன்னீர்கள். இங்கே அது வேறு விதமாக நடந்துவிட்டது. 2014 பெப்ரவரியிலிருந்து, அடிபட்டவரை மனைவியோ அம்மாவோ வீட்டில் பார்த்தால், அவர் தன் வேலையை விட்டு இழந்த தொகைவரைதான் பராமரிப்புப் பணம். வேலைக்குப் போகாத அம்மா இரவு பகலாகக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, தூக்கி இருத்தினாலும் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை என்று கணக்கு. வெளி ஏஜென்சி ஆள் வந்தால் காசு உண்டு. எங்கள் வீடுகளில் வெளி ஆளைக் குளிப்பாட்ட விடுவார்களா? விடமாட்டார்கள். அதனால் அந்த உழைப்பு முழுக்க இலவசமாகப் போகிறது. வீட்டு வேலைக்கான கொடுப்பனவும் 2010இலிருந்து மிகப் பாரிய காயத்துக்கு மட்டும்தான்.

கோவை_பிரம்டன் எழுதியது:

இதெல்லாம் படிச்சுட்டு என் பொலிஸி பேப்பரை எடுத்துப் பார்த்தேன். கூடுதல் வசதி ஒண்ணுகூட வாங்கலை. அடிபட்டா உடனே என்ன செய்யணும்னு யாராவது ஒரே இடத்துல எழுதுங்களேன்.

சட்டப்படி எழுதியது:

சுருக்கமாக: 7 நாட்களுக்குள் உங்கள் சொந்தக் காப்புறுதிக்கு அறிவியுங்கள், பிழை யாருடையது என்றாலும். விண்ணப்பப் படிவம் ஓசிஎஃப்-1 கிடைத்து 30 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுங்கள். வருமானக் கொடுப்பனவுக்கு வைத்தியர் அல்லது சிகிச்சையாளர் நிரப்பும் ஓசிஎஃப்-3 வேண்டும். மற்றவர்மேல் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் 120 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். வழக்குக்குப் பொதுவாக 2 வருடம். கொடுப்பனவை மறுத்தால், மறுத்த திகதியிலிருந்து 2 வருடத்துக்குள் லைசன்ஸ் அப்பீல் ட்ரிபியூனலுக்குப் போகவேண்டும். 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுப்பனவுத் தகராறுக்கு நீதிமன்றம் போக முடியாது, இந்தத் தீர்ப்பாயம்தான்.

நிறுவனம் தன் வைத்தியரிடம் பரிசோதனைக்கு அனுப்பினால் போகாமல் விடாதீர்கள். கொடுப்பனவை நிறுத்த அதுவே காரணமாகும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள், வலியைப் பற்றிப் பிள்ளைக்கு முன்னால் பெற்றோர் முழுதாகச் சொல்வதில்லை.

புதுப்பிக்கும்போது எந்தெந்தக் கொடுப்பனவு இருக்கிறது, எது இல்லை என்று புரோக்கரிடம் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வீட்டில் கார் ஓடும் எல்லோருடைய பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

செல்வன்77 எழுதியது:

நான் வருமானக் கொடுப்பனவை எடுக்கப்போவதில்லை, எனக்கு வேலையிடத்தில் இருக்கு. ஆனால் மகள் பகுதிநேரமாக வேலை செய்கிறாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய காருக்கு எடுக்கச் சொல்லப்போகிறேன். மோசடியைப் பிடிக்காமல் எல்லோருடைய கொடுப்பனவையும் வெட்டுவது பிழை என்பதில் எனக்கும் உடன்பாடு. இதைப் பற்றி அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் மோசடி கிளினிக்குகளையும் சேர்ப்பீர்கள் என்றால் நானும் கையெழுத்து வைக்கிறேன்.

வன்னியூரான் எழுதியது:

கட்டாயம் சேர்ப்போம் செல்வன். மாகாண உறுப்பினர்களுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதுவோம். மதியைப் போன்ற கார் இல்லாதவர்களுக்கு வருமானக் கொடுப்பனவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். 400 டொலரைக் கழிப்புத் தொகையைப் போலவே விலைவாசியோடு உயர்த்தவேண்டும். அம்மாமாரின் பராமரிப்புக்குப் பெறுமதி கொடுக்கவேண்டும். அட்ஜஸ்டர் ஐயா, அந்த 600, 1,000, 400 வரலாற்றை நீங்கள் ஒரு பந்தியாக எழுதித் தருவீர்களா? தாமரை, பராமரிப்புப் பகுதி உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தந்தால் முழு வரைவை இங்கே போடுகிறேன், எல்லோரும் பார்த்துத் திருத்தலாம்.

தாமரை_மார்க்கம் எழுதியது:

சனி இரவுக்குள் அனுப்புகிறேன் அண்ணா. 3,500 டொலரையும் நான்காவதாகச் சேருங்கள், 2010இலிருந்து அதுவும் அசையவில்லை.